ஆடைத் தொழிலில் நடத்தை விதிகள்: கண்காணிப்பவரைக் கண்காணிப்பது யார்?

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பாகிஸ்தானின் கராச்சி நகரில் இருந்த அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழ் கிடைத்தது. இங்கே தொழிலாளர்களின் பாதுகாப்பு, வேலை நேரம், சம்பளம் எல்லாம் சர்வதேசத் தரத்தில் இருக்கிறது என்பதுதான் அந்தச் சான்றிதழின் பொருள். சுமார் மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, அந்தத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள்.

மாமூல் கேட்டு மிரட்டியவர்கள் வைத்த தீ அது என்று 2020-இல் பாகிஸ்தான் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்து, இரண்டு பேருக்கு மரண தண்டனை விதித்தது. தீ வைத்தது யாராக இருந்தாலும், தீப்பிடித்தால் வெளியே ஓட வழி இருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வாளரின் வேலை. இத்தாலியைச் சேர்ந்த சான்றிதழ் நிறுவனத்தின் சார்பில் உள்ளூர் நிறுவனம் ஒன்று போய்ப் பார்த்தது. பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தது.

எப்படி இது நடந்தது? யார் கேட்டு, யார் காசில், யாருக்காக அந்த ஆய்வு நடந்தது? இதற்குப் பதில் தேடினால் அது 100 வருடத்துக் கதையாக நீள்கிறது.

சட்டத்தின் காலம்

1911-ஆம் ஆண்டு மார்ச் 25. நியூயார்க் நகரில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் ட்ரையாங்கிள் ஷர்ட்வெயிஸ்ட் என்ற தொழிற்சாலை இயங்கி வந்தது. பெண்கள் அணியும் மேற்சட்டைகளைத் தைக்கும் தொழிற்சாலை. மாலை வேலை முடியும் நேரத்தில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் அப்படிப் பூட்டி வைப்பது அந்தக் கால வழக்கம். தீயணைப்புப் படையின் ஏணி அந்த உயரத்துக்கு எட்டவில்லை. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிய இளம்பெண்கள்.

அதன் பிறகு நியூயார்க் மாநிலம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அடுத்த சில வருடங்களில் 30-க்கும் மேற்பட்ட தொழிலாளர் சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக்கூடாது என்பது சட்டமானது. அந்தத் தீயை நேரில் பார்த்த பிரான்சஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி விசாரணைக் குழுவுக்காக வேலை செய்தார். 1933-இல் அவரே அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாளி, தொழிலாளி, தொழிற்சாலை, சட்டை வாங்குபவர் எல்லோரும் ஒரே நாட்டில், ஒரே சட்டத்தின் கீழ் இருந்தார்கள். அரசாங்கம் இன்ஸ்பெக்டரை அனுப்பலாம். மீறினால் வழக்குப் போடலாம். தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்யலாம். யார் யாரைக் கேள்வி கேட்பது என்பதில் குழப்பம் இல்லை.

பிறகு நிலைமை மாறியது. பெரிய ஆடை நிறுவனங்கள் தையல் மிஷின்களை மூடிவிட்டு, டிசைன், விளம்பரம், விற்பனை ஆகியவற்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டன. தைப்பது வேறு நாட்டில், வேறு முதலாளியின் கட்டடத்தில். 1974-இல் வந்த மல்டி ஃபைபர் ஒப்பந்தம் ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா வைத்தது. ஒரு நாட்டின் கோட்டா தீர்ந்ததும் வாங்குபவர்கள் அடுத்த நாட்டைத் தேடிப் போனார்கள். கொரியா, தைவான், ஹாங்காங் என்று தொடங்கி இந்தோனேசியா, வங்கதேசம், மத்திய அமெரிக்கா வரை தொழில் பரவியது.

விளைவு என்ன? வாங்கும் நாட்டின் சட்டம் அங்கே செல்லாது. தைக்கும் நாட்டின் அரசாங்கமோ, கெடுபிடி செய்தால் ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும் என்று பயந்தது. நடுவில் ஒரு வெற்றிடம். நடத்தை விதிகள் பிறந்தது இந்த வெற்றிடத்தில்தான்.

1991: நிறுவனங்களே எழுதிய விதிகள்

பசிபிக் பெருங்கடலில் சைப்பான் என்று ஒரு தீவு. அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. லீவைஸ் நிறுவனத்துக்கு அங்கே ஆடை தைத்துக் கொடுத்த ஒப்பந்ததாரர் ஒருவர் தொழிலாளர்களுக்கு உரிய சம்பளம் தரவில்லை என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையே நடவடிக்கை எடுத்தது. ஏறக்குறைய அதே நேரத்தில், 1991-இல், லீவைஸ் தன் ஒப்பந்ததாரர்களுக்கான விதிமுறைகளை வகுத்தது. குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய வேலை கூடாது, வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்பது போன்றவை. ஒரு பன்னாட்டு நிறுவனம் தனக்குச் சப்ளை செய்பவர்களுக்காக எழுதிய முதல் விரிவான நடத்தை விதி என்று இதைச் சொல்வார்கள். 1992-இல் நைக்கி நிறுவனமும் ஒன்றை எழுதியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெயர் தெரிந்த பிராண்ட் ஒவ்வொன்றும் தனக்கென ஒன்றை வைத்திருந்தது.

விதிகள் நல்ல விதிகள்தான். பிரச்சினை வேறு. எழுதியவரும் நிறுவனம், மேற்பார்வை செய்பவரும் அதே நிறுவனம், மீறினால் என்ன செய்வது என்று முடிவெடுப்பவரும் அதே நிறுவனம். பரீட்சை எழுதிய மாணவனே பேப்பரைத் திருத்துவது போல.

நைக்கியின் இரண்டு அறிக்கைகள்

1996-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள் இந்த விஷயத்தைப் பரவலாகப் பேச ஆரம்பித்தார்கள். டி.வி. நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேத்தி லீ கிஃபோர்டின் பெயரில் வால்மார்ட் விற்ற உடைகள் ஹோண்டுராஸில் சிறுமிகளால் தைக்கப்பட்டவை என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொல்லப்பட்டது. அதே வருடம் லைஃப் பத்திரிகையில், பாகிஸ்தானின் சியால்கோட் பகுதியில் ஒரு சிறுவன் நைக்கி கால்பந்தைத் தைக்கும் புகைப்படம் வெளிவந்தது.

அடுத்து 1997-இல் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே அதிகம் யோசிக்க வைக்கும் சம்பவம். ஐ.நா.வுக்கான முன்னாள் அமெரிக்கத் தூதர் ஆண்ட்ரூ யங்கை நைக்கி அமர்த்தியது. அவர் ஆசியத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நைக்கி நன்றாகவே செயல்படுகிறது, இன்னும் முன்னேறலாம் என்று ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தார். நைக்கி அதைப் பத்திரிகைகளில் விளம்பரமாகவே போட்டது.

ஆனால் அந்த வருடத் தொடக்கத்திலேயே இன்னொரு அறிக்கை தயாராகி இருந்தது. உலகின் பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் ஒன்றான எர்ன்ஸ்ட் அண்ட் யங், வியட்நாமில் நைக்கிக்கு ஷூ தயாரித்த ஒரு தொழிற்சாலையை ஆய்வு செய்து எழுதியது. ஆலையின் சில பகுதிகளில் நச்சு வாயு அளவு உள்ளூர்ச் சட்டம் அனுமதித்ததைப் போல 177 மடங்கு வரை இருந்தது. ஊழியர்களில் 77 சதவீதம் பேருக்குச் சுவாசக் கோளாறு இருந்தது. இந்த அறிக்கை விளம்பரமாக வரவில்லை. நவம்பரில் யாரோ கசியவிட்டு, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஆக, இங்கே ஆடிட்டர் தன் வேலையைச் செய்தார். குறையைக் கண்டுபிடித்தார், எழுதினார். ஆனால் அறிக்கை, ஆய்வுக்குப் பணம் கொடுத்தவரின் சொத்து. அந்தக் காற்றைத் தினமும் சுவாசித்த தொழிலாளர்களுக்கு அதைப் படிக்க உரிமை இல்லை. 1998 மே மாதம் நைக்கியின் தலைவர் ஃபில் நைட் பொதுமேடையில் தன் நிறுவனத்தின் பெயர் அடிமைச் சம்பளத்துக்கும் கட்டாய ஓவர்டைமுக்கும் இன்னொரு பெயராகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஷூ தொழிற்சாலைகளில் குறைந்தபட்ச வயதை 18 ஆக உயர்த்துவதாகவும், காற்றின் தரத்தை அமெரிக்க அளவுகோலுக்குக் கொண்டு வருவதாகவும் அறிவித்தார்.

அமைப்புகளின் காலமும் மாணவர்களும்

நிறுவனம் தன்னைத் தானே கண்காணித்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது தெரிந்துவிட்டது. எனவே வெளியார் வந்தார்கள். எஸ்.ஏ. 8000 தரம் 1997-இல் உருவானது. பிரிட்டனில் எத்திக்கல் ட்ரேடிங் இனிஷியேட்டிவ் 1998-இல் தொடங்கியது. அமெரிக்க அதிபர் கிளின்டன் 1996-இல் கூட்டிய குழுவிலிருந்து ஃபேர் லேபர் அசோசியேஷன் பிறந்தது. வாழ்க்கைக்குப் போதுமான சம்பளம் என்பதையும், கண்காணிப்பு எவ்வளவு சுதந்திரமானது என்பதையும் பற்றி உடன்பாடு ஏற்படாமல், ஆடைத் தொழிலாளர் சங்கம் பாதியிலேயே அந்தக் குழுவிலிருந்து வெளியேறியது.

இதில் அதிருப்தி அடைந்த இன்னொரு கூட்டம் கல்லூரி மாணவர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயரும் சின்னமும் போட்ட டி-ஷர்ட், தொப்பி வியாபாரம் மிகப் பெரியது. எங்கள் கல்லூரிப் பெயரைப் போட்டு விற்கும் சட்டையை எந்த ஆலையில் தைக்கிறார்கள், முகவரியைச் சொல்லுங்கள் என்று மாணவர்கள் கேட்டார்கள். கல்லூரி அலுவலகங்களில் உட்கார்ந்து போராடினார்கள். 2000-இல் ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்ட்டியம் என்ற அமைப்பு உருவானது. ஆடை நிறுவனங்களிடமிருந்து பணம் வாங்குவதில்லை, தொழிலாளரின் புகாரிலிருந்து விசாரணையைத் தொடங்குவது, அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிடுவது என்பவை அதன் முறைகள்.

இதன் பலன் 2009-இல் தெரிந்தது. ரஸ்ஸல் அத்லெட்டிக் என்ற நிறுவனம் ஹோண்டுராஸில் தொழிற்சங்கம் அமைந்த ஒரு ஆலையை மூடியது. வியாபாரம் குறைந்ததுதான் காரணம் என்றது நிறுவனம். சங்கம் அமைத்ததும் ஒரு காரணம் என்று கன்சார்ட்டியம் கண்டறிந்தது. பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உரிம ஒப்பந்தத்தை ரத்து செய்தன. அந்த வருடம் நவம்பரில் புதிய ஆலை திறக்கவும், வேலை இழந்த 1,200 பேரை மீண்டும் எடுக்கவும், சங்கத்தை அங்கீகரிக்கவும் நிறுவனம் சம்மதித்தது.

ஆடிட் எப்படி நடக்கிறது?

ஆனால் பெரும்பாலான ஆலைகளுக்கு இப்படிப்பட்ட விசாரணை போகவில்லை. அங்கே போனது வணிகரீதியான சோஷியல் ஆடிட். ஓரிரு நாள் வேலை. பல நேரம் வரும் தேதி முன்பே தெரிந்துவிடும். தரை கழுவப்படும், முகமூடியும் கையுறையும் வெளியே வரும். வருகைப் பதிவேடு இரண்டு: ஒன்று உண்மையானது, இன்னொன்று காட்டுவதற்கு. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆலைக்குள்ளேயே, சூப்பர்வைசர் கண்ணெதிரே கூப்பிட்டு விசாரித்தால் எந்தத் தொழிலாளி உண்மை பேசுவார்? செலவைப் பல இடங்களில் ஆலை முதலாளியே கொடுக்கிறார். கடுமையாக எழுதும் ஆடிட்டரை அடுத்த முறை கூப்பிடமாட்டார்.

இன்னொரு பக்கம் பிராண்டின் உள்முரண்பாடு. ஒரே பிராண்டில் ஒரு துறை, ஓவர்டைம் கூடாது என்று ஆலைக்குக் கடிதம் எழுதும். கொள்முதல் துறையோ, விலையைக் குறை, டிசைனை மாற்று, ஆனால் டெலிவரி தேதி மட்டும் மாறாது என்று சொல்லும். ஆலை முதலாளி ஆர்டர் தருபவர் பேச்சைத்தான் கேட்பார். பேராசிரியர் ரிச்சர்ட் லாக் குழுவினர் 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் நைக்கிக்குச் சப்ளை செய்த 800-க்கும் அதிகமான ஆலைகளின் ஆய்வு விவரங்களை அலசி, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல வருட ஆய்வுகளுக்குப் பிறகும் பல ஆலைகளில் நிலைமை மேம்படவில்லை; ஆடிட் மட்டும் போதாது என்பது அவர்கள் கண்டது.

வணிகவியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு ஒப்பீடு எளிதாகப் புரியும். ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்பவரைப் பங்குதாரர்கள் பொதுக்குழுவில் நியமிக்கிறார்கள். அறிக்கை பங்குதாரர்களுக்குப் போகிறது. பொய் எழுதினால் சட்டப்படி தண்டனை உண்டு. 2009-இல் சத்யம் மோசடி வெளியானபோது அதன் ஆடிட்டர்களும் கைது செய்யப்பட்டார்கள். இத்தனை இருந்தும் அந்தத் தணிக்கை தவறியது உண்மை. சோஷியல் ஆடிட்டில் இந்த ஏற்பாடுகளும் இல்லை. யாருடைய உயிரைப் பற்றிய அறிக்கையோ, அவர் ஆடிட்டரை நியமிப்பதில்லை. அறிக்கை அவருக்கு வருவதும் இல்லை.

கம்போடியாவில் ஒரு சோதனை

இதற்கு மாற்றாக நடந்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். 1999-இல் அமெரிக்காவும் கம்போடியாவும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டன. தொழிலாளர் நிலை மேம்பட்டால் கம்போடியாவுக்கு ஏற்றுமதிக் கோட்டா கூடும். சரிபார்ப்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 2001-இல் ஆய்வுகள் தொடங்கின. குறைகளைத் திருத்தாத ஆலைகளின் பெயரும் வெளியானது. நல்லபடி நடந்தால் கூடுதல் வியாபாரம் என்பதால் ஆலைகளுக்கும் அக்கறை வந்தது. ஆனால் 2004 முடிவோடு உலகம் முழுவதும் கோட்டா முறையே முடிந்தது. பரிசும் போனது. பின்னர் ஆலைகளின் பெயரை வெளியிடுவதும் நின்றது. 2014-இல்தான் அது மறுபடியும் தொடங்கியது.

ராணா பிளாசாவும் அக்கார்டும்

2013 ஏப்ரல் 23. வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விட்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி ஊழியர்களை வெளியே அனுப்பியது. மேலே ஐந்து ஆடை ஆலைகள். மறுநாள் காலை அங்கே தொழிலாளர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். கட்டடம் இடிந்தது. 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுமார் 2,500 பேர் காயமடைந்தார்கள். அந்த ஐந்து ஆலைகளில் இரண்டு, ஐரோப்பிய வணிகர்களின் பி.எஸ்.சி.ஐ. முறைப்படி ஏற்கெனவே ஆடிட் செய்யப்பட்டவை. கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பது எங்கள் ஆடிட்டில் அடங்காது என்பது பிறகு கிடைத்த விளக்கம்.

மூன்று வாரத்துக்குள் அக்கார்டு என்ற ஒப்பந்தம் பிறந்தது. முந்தைய விதிகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. இது ஒரு நிறுவனம் தானாக எழுதிக்கொண்ட வாக்குறுதி கிடையாது. ஒரு பக்கம் 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள், மறுபக்கம் தொழிற்சங்கங்கள், இரு தரப்பும் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். செலவை பிராண்டுகள் ஏற்றன. ஆய்வு செய்தவர்கள் தகுதி பெற்ற பொறியாளர்கள். சுமார் 1,600 ஆலைகளின் ஆய்வு அறிக்கைகள் பெயரோடு இணையத்தில் வெளியிடப்பட்டன. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளருக்குக் கிடைத்தது. திருத்தாத ஆலைக்கு எந்த உறுப்பினரும் ஆர்டர் தரக்கூடாது.

ஒப்பந்தம் காகிதத்தில் மட்டும் நிற்கவில்லை. இரண்டு பிராண்டுகள் கடமையைச் செய்யவில்லை என்று 2016-இல் தொழிற்சங்கங்கள் ஹேக் நகரின் நடுவர் மன்றத்துக்குப் போயின. இரண்டு வழக்குகளும் சமரசமாக முடிந்தன. அவற்றில் ஒரு பிராண்ட் 23 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. முதல் ஐந்தாண்டு முடிவதற்குள், கண்டறியப்பட்ட குறைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் சரிசெய்யப்பட்டன. சம்பளம், வேலை நேரம் போன்றவை இதில் வராது என்பது இதன் குறை. 2020-இல் வங்கதேசப் பணிகள் ஆர்.எஸ்.சி. என்ற உள்ளூர் அமைப்பின் கைக்கு மாறின. 2021-இல் சர்வதேச அக்கார்டு வந்தது. பிறகு பாகிஸ்தானுக்கும் அது விரிந்தது. கதை தொடங்கிய கராச்சிக்கும் அப்படித்தான் அது போய்ச் சேர்ந்தது.

திண்டுக்கல் ஒப்பந்தம்

இதே வழியில் தமிழ்நாட்டிலும் ஒன்று நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் பகுதியில் ஏற்றுமதி ஆடை தைக்கும் ஒரு ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அந்த ஆலையில் பாலியல் தொந்தரவு வெகுநாளாக இருந்தது என்று சக தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆடிட்டர் வந்து கேட்டால் எந்தப் பெண் அதைச் சொல்வார்?

2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும், ஆலை நிர்வாகமும், எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. கேப், பி.வி.எச். நிறுவனங்களும் பின்னர் சேர்ந்தன. இதன்படி ஆலைக்குள் கண்காணிப்பவர்கள் அங்கே தைக்கும் பெண்களேதான். ஒவ்வொரு தளத்திலும் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் தொந்தரவைக் கவனித்துப் புகார் சொல்கிறார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் வியாபாரரீதியாக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவை. முதல் வருடத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட குறைகள் பதிவாகி, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. குறைகள் அதிகம் பதிவானதை ஆலை மோசமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பு பேசாதவர்கள் பேச ஆரம்பித்தார்கள் என்பதே பொருள்.

முடிவாக

1991 முதல் இன்று வரை விதிகளின் வாசகம் பெரிதாக மாறவில்லை. குழந்தைத் தொழிலாளர் கூடாது, கதவைப் பூட்டாதே, சம்பளத்தைக் குறைக்காதே. மாறியது கண்காணிப்பின் அமைப்புதான். எந்த நடத்தை விதியைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டால் அதன் தரம் தெரிந்துவிடும்.

1. ஆய்வுக்குப் பணம் கொடுப்பது யார்?
2. அறிக்கையைப் படிக்க யாருக்கு உரிமை உண்டு?
3. தொழிலாளி பயமில்லாமல் பேச வழி இருக்கிறதா?
4. மீறினால் யாருக்கு என்ன நஷ்டம்?

நைக்கியின் 1997 அறிக்கை இரண்டாவது கேள்வியில் தோற்றது. கராச்சிச் சான்றிதழ் நான்கிலுமே தோற்றது. அக்கார்டும் திண்டுக்கல்லும் நான்குக்கும் ஏதோ ஒரு பதிலாவது வைத்திருக்கின்றன. ஆனால் இவை சில நாடுகளில், சில ஆலைகளில் மட்டும்தான். உலகில் ஆடை தைக்கும் கோடிக்கணக்கானவர்களில் பெரும்பாலோருக்கு, ஓரிரு நாள் வந்து போகும் ஆடிட்டர்தான் இன்றும் ஒரே பாதுகாப்பு. அடுத்த முறை ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் எங்கள் ஆலைகள் அனைத்தும் ஆடிட் செய்யப்பட்டவை என்ற வரியைப் படித்தால், மேலே உள்ள நான்கு கேள்விகளுக்கும் அந்த அறிக்கையில் பதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.